சுகாதாரச் சமநீதி: டெட்ராய்ட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

மருத்துவக் கல்லூரி தெரியும், நர்சிங் கல்லூரி தெரியும். பல பல்கலைக்கழகங்களில் ‘பொது சுகாதாரப் பள்ளி’ என்று இன்னொன்று இருக்கிறதே, அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? அங்கே படித்துவிட்டு வருபவர் யாருக்கும் ஊசி போடுவதில்லை, மருந்துச் சீட்டு எழுதுவதில்லை. இந்தத் தெருவில் மட்டும் ஏன் இத்தனை குழந்தைகளுக்கு ஆஸ்துமா, நாலு தெரு தள்ளி ஏன் அவ்வளவு இல்லை என்று தோண்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்குப் புள்ளியியல் வேண்டும், நோய்ப்பரவலியல் வேண்டும், காற்றையும் தண்ணீரையும் அளக்கத் தெரிய வேண்டும், அரசு எப்படி முடிவெடுக்கிறது என்பதும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு துறை அங்கே உண்டு.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது என்பதால் ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1941-இல் தொடங்கிய மிச்சிகன் பல்கலைக்கழகப் பொது சுகாதாரப் பள்ளி. ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசியை 1954-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற பரிசோதனையில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகளைக் கூட்டிக் கழித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு இந்தப் பள்ளியின் தாமஸ் ஃபிரான்சிஸிடம் வந்தது. அவர் சால்க்கின் பழைய குரு. 1955 ஏப்ரல் 12 அன்று ஆன் ஆர்பரில் மேடையேறி, ஊசி பாதுகாப்பானது, பலன் தருகிறது என்று அவர் அறிவித்ததும் நாட்டின் பல ஊர்களில் தேவாலய மணிகளை அடித்துக் கொண்டாடினார்கள். பொது சுகாதாரப் பள்ளி என்றால் இப்படி ஒரு பெரிய கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லும் இடம் என்ற பெயர் அப்போது நிலைத்தது.

ஆனால் எல்லாக் கேள்வியும் போலியோ மாதிரி இல்லை. ஆன் ஆர்பரில் இருந்து கிழக்கே 70 கிலோமீட்டர் போனால் டெட்ராய்ட். 1950-இல் 18 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த கார் நகரம். 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சம்கூட இல்லை. இன்று அங்கே இருப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவர். ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் எல்லாம் சுற்றியுள்ள வசதியான புறநகர்களைவிட அங்கே அதிகம். இதற்கு ஒரு தடுப்பூசி கிடையாது.

வேலியை யார் போட்டது?

உடல்நலத்தில் மனிதருக்கு மனிதர் வேறுபாடு இருப்பது இயல்பு. எழுபது வயதுக்காரருக்கு இருபது வயதுக்காரரைவிட மூட்டுவலி அதிகம். இதில் அநீதி ஒன்றும் இல்லை. எது அநீதி என்பதற்குப் பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990 வாக்கில் ஒரு வரையறை தந்தார். தேவையற்றதும், தவிர்க்கக்கூடியதும், நியாயமற்றதுமான வேறுபாடுகளே அவர் சொன்ன ஏற்றத்தாழ்வு. அவற்றைக் குறைப்பதற்குத்தான் சுகாதாரச் சமநீதி, ஹெல்த் ஈக்விட்டி என்று பெயர். மூன்று சொற்களில் ‘தவிர்க்கக்கூடியது’தான் முக்கியம் என்று நினைக்கிறேன். தவிர்க்க முடியும் என்றால், தவிர்க்காமல் விட்டது யார் என்ற கேள்வி தானாகவே வந்துவிடும்.

இணையத்தில் இதற்கென்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலிக்குப் பின்னால் மூன்று பேர் விளையாட்டுப் பார்க்கிறார்கள். குட்டைப் பையனுக்கு இரண்டு பெட்டி, நடுத்தர உயரக்காரனுக்கு ஒன்று, நெட்டையனுக்கு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஆட்டம் தெரிகிறது. எனக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. பையன் குட்டையாக இருப்பதுதான் சிக்கல் என்று அது சொல்லாமல் சொல்கிறது. வேலியை யார் போட்டார்கள் என்று கேட்பதே இல்லை.

டெட்ராய்ட்டில் வேலி நிஜமாகவே இருக்கிறது. நகரின் வடக்கு எல்லையில், எட்டு மைல் சாலைக்குப் பக்கத்தில் 1941-இல் ஒரு வீட்டுமனைத் தொழிலதிபர் சுவர் ஒன்று எழுப்பினார். சுமார் ஆறடி உயரம், அரை மைல் நீளம். ஒரு பக்கம் கறுப்பினத்தவர் ஏற்கெனவே குடியிருந்த பகுதி. மறுபக்கம் வெள்ளையருக்காக அவர் கட்டி விற்க நினைத்த வீடுகள். கறுப்பினத்தவருக்கு அருகில் இருக்கும் மனைகளுக்கான வீட்டுக்கடனுக்கு மத்திய அரசின் வீட்டு வசதி நிர்வாகம் உத்தரவாதம் தர மறுத்தது. சுவர் வந்ததும் தந்தது. அந்தச் சுவர் இன்னமும் நிற்கிறது. ஒரு பகுதியில் ஊர்க்காரர்கள் வண்ண ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

சுவருக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு? கடன் கிடைக்காத பக்கத்தில் வீட்டைப் பழுதுபார்க்க வழியில்லை, விற்றாலும் விலை இல்லை, பிள்ளைகளுக்கு விட்டுப்போகச் சொத்து சேராது. நிலம் மலிவு, எதிர்ப்புக் குரலுக்கு மதிப்புக் குறைவு என்றால் நெடுஞ்சாலையும் ஆலையும் அங்கேதான் வரும். கடைக்காரர் கிளம்பிப் போவார். இரண்டு தலைமுறை கழித்து அந்தத் தெருவில் பிறக்கும் குழந்தை சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். அது சுவாசிக்கும் காற்றிலும் சாப்பிடும் சாப்பாட்டிலும் சுவர் இருக்கும்.

எண்ணுவதில் இருக்கிறது சூட்சுமம்

‘ஏழைகள், அதனால் நோயாளிகள், வேறென்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்வியைத்தான் பொது சுகாதாரப் பள்ளி நம்மைவிட நன்றாகக் கையாளத் தெரிந்து வைத்திருக்கிறது. ஷானன் ஜெங்க் என்ற ஆய்வாளரும் மிச்சிகன் பள்ளியைச் சேர்ந்த ஏமி ஷுல்ஸ் உள்ளிட்ட சிலரும் 2005-இல் டெட்ராய்ட் வட்டாரம் முழுக்க, ஒவ்வொரு பகுதியில் இருந்தும் சூப்பர் மார்க்கெட் எவ்வளவு தூரம் என்று அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் ஏழைப் பகுதியைப் பணக்காரப் பகுதியோடு ஒப்பிட்டதோடு நிற்கவில்லை. மிக ஏழ்மையான பகுதிகளை மட்டும் தனியே எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஏழைப் பகுதிக்கு, வெள்ளையர் வாழும் அதே மாதிரி ஏழைப் பகுதியைவிடச் சூப்பர் மார்க்கெட் சராசரியாக 1.1 மைல் அதிகத் தூரத்தில் இருந்தது. ஏழ்மை இரு பக்கமும் ஒன்றுதான், தூரம் ஒன்றில்லை. ‘கீரை, பழம் நிறையச் சாப்பிடுங்க’ என்று டாக்டர் சொல்லும்போது இந்த 1.1 மைல் அவர் கண்ணில் படாது.

இதே பள்ளியின் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1990-களின் தொடக்கத்தில் சொன்னது பலரைக் கோபப்படுத்தியது. பதின்வயதில் பிள்ளை பெறுவது குழந்தைக்கு ஆபத்து என்பது அன்றைய பொதுப் புத்தி. அவர் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளையரில் அது சரியாகவே இருந்தது. கறுப்பினப் பெண்களிலோ, பதின்வயதின் கடைசியில் பெற்றவர்களின் குழந்தைகளைவிட இருபதுகளின் பிற்பகுதியில் பெற்றவர்களின் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து கூடுதல். வயது ஏற ஏற உடல் வலுப்பெற வேண்டிய பருவத்தில் அவர்கள் உடல் தேய்ந்துகொண்டிருந்தது. ஓயாத மன அழுத்தம், பாகுபாடு, குடும்பத்தில் பலரைத் தாங்கும் சுமை எல்லாம் சேர்ந்து உடலை வயதுக்கு முன்பே மூப்படைய வைக்கின்றன என்றார் அவர். பதின்வயதுக் கர்ப்பத்தை ஆதரிக்கிறார் என்று அவரைத் திட்டினார்கள். இன்றைக்கு இந்தத் துறையில் இதைக் குறிப்பிடாமல் பாடம் நடத்த முடியாது.

எப்படி எண்ணுகிறோம் என்பதால் உயிர் போகும், உயிர் பிழைக்கும் என்பதற்கு டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே உள்ள ஃபிளின்ட் நகரம் சாட்சி. மாநில அரசு நியமித்த அதிகாரியின் கையில் நகர நிர்வாகம் இருந்தபோது, 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, அதுவரை டெட்ராய்ட்டில் இருந்து வந்த குடிநீரை நிறுத்தி ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களில் இருந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. நாற்றம், நிறம், தடிப்பு என்று மக்கள் புட்டிகளோடு கூட்டங்களுக்கு வந்து முறையிட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே பதில் வந்தது.

ஊரின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, மருத்துவத்தோடு மிச்சிகன் பொது சுகாதாரப் பள்ளியிலும் பட்டம் பெற்றவர். தன் மருத்துவமனையில் இருந்த இரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துத் தண்ணீர் மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்தார். இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்த சிறு குழந்தைகளின் பங்கு ஏறக்குறைய இரட்டித்திருந்தது. 2015 செப்டம்பரில் அதை வெளியிட்டதும், எங்கள் கணக்கில் அப்படி எதுவும் தெரியவில்லையே என்று மாநில அதிகாரிகள் மறுத்தார்கள்.

அவர்கள் கணக்கில் ஏன் தெரியவில்லை? அஞ்சல் குறியீட்டை வைத்துப் பார்த்திருந்தார்கள். ஃபிளின்ட் என்று முகவரி எழுதும் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உண்மையில் நகர எல்லைக்கு வெளியே, வேறு தண்ணீர் குடிக்கும் இடங்களில் இருந்தன. நல்ல தண்ணீர் குடித்த குழந்தைகளையும் சேர்த்துச் சராசரி போட்டால் கெட்டது கரைந்து போகாதா? மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ரிக் சாட்லர் ஒவ்வொரு வீட்டையும் வரைபடத்தில் வைத்து, நகரத் தண்ணீர் குடித்தவர்களை மட்டும் பிரித்தெடுத்த பிறகுதான் படம் தெளிந்தது. சில நாட்களில் மாநிலம் ஒப்புக்கொண்டது. அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது. சராசரி என்பது எவ்வளவு நல்ல ஒளிவிடம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

‘மறுபடியும் ஆய்வா?’

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம் பல்கலைக்கழகம் ஊருக்குள் போய் வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதானே? அங்கேதான் கதவு மூடியிருக்கும். அதற்கு நியாயமும் உண்டு. அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறையே 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது. மிச்சிகனும் விதிவிலக்கல்ல. 1942-இல் தொடங்கி, அங்கே இப்சிலான்டியில் இருந்த அரசு மனநல மருத்துவமனை நோயாளிகளுக்குச் சோதனை நிலையில் இருந்த ஃபுளூ தடுப்பூசியைப் போட்டு, பிறகு அவர்களை வேண்டுமென்றே கிருமிக்கு ஆளாக்கினார்கள். அந்த ஆய்வில் பங்குகொண்டவர்களில் ஒருவர் இளம் சால்க். தேவாலய மணிகளைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பேசுவதில்லை.

இவ்வளவு கொடுமை நடக்காத இடங்களிலும் ஒரு சலிப்பு இருந்தது. கேள்வித்தாளோடு வருவார்கள், எழுதிக்கொண்டு போவார்கள், கட்டுரை வெளியாகும், பதவி உயர்வு கிடைக்கும். தெருவில் ஒன்றும் மாறாது.

1995-இல் மிச்சிகன் பள்ளியின் பார்பரா இஸ்ரேலும் சகாக்களும், டெட்ராய்ட்டின் சமூக அமைப்புகள், நகர சுகாதாரத் துறை, ஹென்றி ஃபோர்டு மருத்துவக் குழுமம் ஆகியோரோடு சேர்ந்து நகர்ப்புற ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். பணம் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியிடம் இருந்து வந்தது. இந்த முறைக்குச் சமூகப் பங்கேற்பு ஆய்வு என்று பெயர். எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, பணத்தை எப்படிப் பங்கிடுவது, முடிவை முதலில் யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் ஊர் அமைப்புகளும் பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கேட்க அழகாக இருக்கிறது. நடத்திப் பார்த்தால்தான் தெரியும். எல்லாரும் ஒப்புக்கொள்ளும் வரை காத்திருந்தால் கூட்டம் முடியாது. கை தூக்கி வாக்கெடுத்தால் தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவர்கள் கண்ட வழி 70 சதவீத விதி. ஒரு முடிவை நூற்றுக்கு நூறு பிடிக்க வேண்டியதில்லை; ஒவ்வொருவரும் தன் மனதளவில் 70 சதவீதமாவது ஏற்க முடிந்தால் போதும், அதை நம் முடிவு என்று எடுத்துக்கொண்டு போகலாம். யாராவது எனக்கு அறுபதுதான் என்றால், மீதிப் பத்துக்கு என்ன மாற்ற வேண்டும் என்று பேச்சு தொடரும். எந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இந்த விதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டணியில் இருந்து வந்த ஆஸ்துமாத் திட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அதே ஊர்க்காரர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் தூசிப் பூச்சி அண்டாத உறை, தூசியை உறிஞ்சும் வேக்குவம் கிளீனர், சுத்தம் செய்யும் பொருட்கள் கொடுத்தார்கள். எதனால் மூச்சிரைப்பு வருகிறது என்று வீட்டோடு உட்கார்ந்து பேசினார்கள். இருமல் குறைந்தது, திடீரென்று மருத்துவமனைக்கு ஓட வேண்டிய குழந்தைகள் குறைந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களின் மனச்சோர்வும் குறைந்தது. ஆஸ்துமா உள்ள வீட்டில் இரவில் தூங்காமல் இருப்பது யார் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் அதையும் அளக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே.

பிறகு காற்று வடிகட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டூவர்ட் பேட்டர்மேன் குழு அளந்ததில் அறைக்குள் இருந்த நுண்துகள் ஏறக்குறையப் பாதியானது. பிரமாதம். ஆனால் ஆய்வாளர்கள் வந்து போகும் நாட்களில் ஓடிய அளவுக்கு மற்ற நாட்களில் வடிகட்டி ஓடவில்லை. கரண்ட் பில் கட்டுவது அந்த வீடுதானே.

மெத்தை உறையும் வடிகட்டியும் குழந்தைக்கு இன்றிரவு தூக்கம் தரும். ஆனால் புகை லாரியில் இருந்து வருகிறது. தென்மேற்கு டெட்ராய்ட்டில் கனடாவுக்குப் போகும் அம்பாசடர் பாலம் 1929-இல் இருந்து நிற்கிறது. கூடவே நெடுஞ்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வீட்டுக்குள் இருக்கும் அம்மா தூசி துடைத்துத் துடைத்து எவ்வளவு சமாளிப்பார்? சமநீதி என்ற பெயரில் நடக்கும் பல திட்டங்கள் வடிகட்டியோடு நின்றுவிடுகின்றன என்பது என் குறை. வடிகட்டி கொடுப்பது எளிது, புகைப்படம் எடுக்கலாம். லாரிப் பாதையை மாற்றச் சொன்னால் எதிரிகள் வருவார்கள்.

சர்க்கரை நோயில் இதே முறை நேரடியாகப் பலன் தந்தது. இனங்களுக்கிடையிலான உடல்நல ஏற்றத்தாழ்வைக் குறைக்க சிடிசி 1999-இல் தொடங்கிய ரீச் திட்டத்தின் டெட்ராய்ட் பிரிவில், உள்ளூர்க்காரர்களே குடும்ப நல வழிகாட்டிகளாக வீட்டுக்குப் போனார்கள், டாக்டரிடம் கூடவே போனார்கள், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.6-இல் இருந்து 8-க்குக் கீழே வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குழுவில் மாற்றம் இல்லை. புது மாத்திரை எதுவும் இல்லை.

பணம்

ஃபிளின்ட்டில் இப்போது பணத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் தொடங்கிய ஆர்எக்ஸ் கிட்ஸ் திட்டத்தில், அந்த ஊரில் கர்ப்பமாக இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் 1,500 டாலர், குழந்தை பிறந்த பிறகு ஓராண்டுக்கு மாதம் 500 டாலர். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, எதற்குச் செலவழித்தாய் என்று கேட்பதில்லை. முன்னின்று நடத்துபவர் அதே மோனா ஹன்னா. மிச்சிகன் ஸ்டேட், மிச்சிகன் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் இதில் இருக்கின்றன. ஈயத்தைக் கண்டுபிடித்தவர் பத்தாண்டில் வந்து சேர்ந்த இடம் வங்கிக் கணக்கு என்பது தற்செயல் இல்லை.

பள்ளிகளின் சொந்தப் பணம் பெரும்பாலும் மத்திய அரசின் ஆய்வு மானியம். பலவீனமும் அங்கேதான். 2025-இல் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்ஐஎச், சமநீதி, இன வேறுபாடு தொடர்பான பல மானியங்களைப் பாதியில் நிறுத்தியது, வழக்குகள் நடந்தன. அந்த மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பன்முகத்தன்மை அலுவலகத்தையே மூடிவிட்டது. மானியம் நின்றால் பேராசிரியருக்கு வேறு தலைப்பு கிடைக்கும். பயிற்சி பெற்று வீடு வீடாகப் போன உள்ளூர்க்காரருக்குத்தான் முதலில் சம்பளம் நிற்கும்.

இதற்கிடையில் தென்மேற்கு டெட்ராய்ட்டில் இரண்டாவது பாலத்தின் வேலை 2018-இல் தொடங்கியது. கார்டி ஹோவ் பாலம் என்று பெயர். அது இறங்கும் இடம் டெல்ரே, ஏற்கெனவே பாதி காலியான குடியிருப்பு. பாலம் வருவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பகுதி மக்கள் கூட்டமைப்பு, லாரிகள் ஓடத் தொடங்கும் முன்பே தங்கள் உடல்நிலையையும் காற்றையும் கணக்கெடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டது. பிற்பாடு ‘இதெல்லாம் முன்பே இருந்த நோய்’ என்று யாரும் சொல்லக் கூடாது அல்லவா? மிச்சிகன் பள்ளி ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து முதல் கட்டக் கணக்கெடுப்பை முடித்தார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய சில வீடுகளுக்கு நகராட்சித் திட்டத்தில் சத்தம் தடுக்கும் ஜன்னலும் ஏசியும் கிடைத்தன. பாலம் திறந்து லாரிகள் ஓடத் தொடங்கியதும் அதே தெருக்களில், அதே கேள்விகளோடு மறுபடி கணக்கெடுத்து ஒப்பிட வேண்டும் என்பது திட்டம்.